பீரங்கிக்குப் பெயின்ற் அடிக்க முதல்

பழைய உலோகங்களைப் பாதுகாக்கிற வேலையில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் திருகோணமலையில் ஆட்கள் என்னிடம் முதலில் கேட்பது, "பீரங்கிக்கு என்ன நிறம் அடிக்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, காந்தம் வைத்துப் பார்த்தீர்களா?

ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் வெண்கலம், அதாவது பத்துக்கு ஒன்பது பங்கு செம்பு, மிச்சம் வெள்ளீயம். ஆங்கிலேயர் தங்கள் பதிவுகளில் இதைப் பித்தளை என்றே எழுதிவைத்ததால் இன்றைக்கும் குழப்பம். வெண்கலப் பீரங்கிக் குழாய்க்குப் பெயின்ற் தேவையே இல்லை. அதில் படிந்திருக்கும் கரும்பச்சைக் களிம்பு வழவழப்பாக, கெட்டியாக இருந்தால் அதுதான் அதன் சட்டை, விட்டுவிடுங்கள். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் மட்டும் பயப்பட வேண்டும், உப்பு உள்ளே இறங்கிவிட்டது. ஒரு இடத்தில் நல்ல மனதோடு, குத்துவிளக்கு மினுக்குவது போல, பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்திருந்தார்கள். பளபளவென்றுதான் இருந்தது, ஆனால் களிம்பு முழுக்கப் போய், மேலே இருந்த சின்னமும் பாதி மழுங்கிவிட்டது.

வார்ப்பிரும்பு வேறு கதை. வெண்கலத்தைவிட மிக மலிவு என்பதால் கப்பலுக்கும் கோட்டைக்கும் அதையே அதிகம் வார்த்தார்கள், துருவுக்குப் பயந்து கறுப்பு அடித்தார்கள். ஆகவே கறுப்பு சரி. வெள்ளிநிறப் பெயின்ற் வேண்டாம், தயவுசெய்து. கறுப்பென்றாலும் உப்பை எடுக்காமல் துருவுக்கு மேலேயே பூசினால், எங்கள் கடற்காற்றுக்கு உள்ளேயிருந்து ஊதி, தகடு தகடாகக் கழன்று விழும். பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம், அதனால் கிரைண்டர் பிடிக்க வேண்டாம், பிள்ளைகளைக் கிட்ட விடவும் வேண்டாம்.

தடிப்பாகப் பூசினால் இன்னொரு நட்டம், எழுத்துகள் மூடிப்போகும். வி.ஓ.சி. என்று இருந்தால் அது ஒல்லாந்தக் கம்பனி (கப்பலோட்டிய தமிழன் இல்லை). பிரித்தானியக் குழாயில் 24-2-10 என்று மூன்று எண்கள் வெட்டியிருந்தால் அது தேதியில்லை, எடை: 112 இறாத்தல் படி 24, 28 படி 2, மிச்சம் 10, மொத்தம் 2,754 இறாத்தல்.

உண்மையில் நிறம் என்று பேச வேண்டியது பீரங்கியைத் தாங்கும் மர வண்டிலைப் பற்றித்தான். பிரித்தானிய நிலப்படை 1800ஆம் ஆண்டளவில் அதற்குச் சாம்பல் நிறமும் இரும்புப் பட்டைகளுக்குக் கறுப்பும் அடித்தது, பிரெஞ்சுக்காரர் பச்சை. எல்லாம் எண்ணெய்ப் பூச்சு, மரத்துக்குள் மழை இறங்காமல் இருக்க.

அப்புறம், சுழியோடிகளுக்கு ஒன்று. கடலுக்கடியில் பீரங்கி கண்டால் தூக்காதீர்கள், தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள், அது சட்டப்படி அரசின் சொத்து. தவறி வலையோடு வந்துவிட்டாலும் காயவிடாமல் தண்ணீரிலேயே வையுங்கள். வெயிலில் ஒரு மாதம் போட்டுவிட்டுக் கூப்பிட்டால், நான் வந்து துண்டு பொறுக்கத்தான் முடியும்.