எத்தனை இஞ்ச் தூக்கலாம் என்று கேட்பதற்கு முன்னால் வண்டியை எடை போடுங்கள்

வாரத்துக்கு நாலு போனாவது இப்படி வருகிறது. "அண்ணா, ஜீப்பை நாலு இஞ்ச் தூக்கணும், பட்டை செட் என்ன ஆகும்?" பட்டை என்பது வண்டியின் எடையைத் தாங்கும் வளைந்த எஃகுத் தகடுகளின் கட்டு, அதாவது லீஃப் ஸ்பிரிங். வண்டி எந்த மாடல், அதில் என்னென்ன மாட்டியிருக்கிறது, எத்தனை பேர் போவார்கள், எங்கே ஓடும், ஒன்றும் சொல்வதில்லை. நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, வண்டி எடை எவ்வளவு?" என்பதுதான். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், மீதிப் பேர் ஆர்சி புத்தகத்தில் இருக்கிற எடையைப் படிக்கிறார்கள், அந்த எடை கம்பெனியிலிருந்து வந்த அன்றைக்கு உள்ளது, அதற்கப்புறம் மாட்டிய இரும்பு பம்பர், வின்ச், பெரிய டயர், மேலே கேரியர் எதுவும் அதில் இல்லை.

நாமக்கல் பக்கம் லாரிகளுக்குக் கமான் பட்டை போடும் வேலையில் 20 வருடமாக இருக்கிறேன். கடைசி சில வருடங்களாக மலை ஏற ஜீப் வைத்திருக்கும் பையன்கள் நிறைய வருகிறார்கள். அதில் ஒருவருக்கு நடந்ததைச் சொன்னால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

பழைய மஹிந்திரா எம்எம்540 ஜீப். நான்கு பக்கமும் பட்டைதான். வேறொரு பட்டறையில் உயரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார், அவர்கள் பின்பக்கக் கட்டில் ஒரு பிக்கப்பிலிருந்து கழற்றிய 8 மிமீ பட்டைகள் இரண்டை, நீளத்தைக் குறைத்து, நன்றாக வளைத்து, மெயின் பட்டைக்கு (கட்டில் மேலே இருக்கும் மிக நீளமான பட்டை) நேர் அடியில் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வண்டி உயர்ந்தது, பார்க்கவும் நன்றாக இருந்தது. மூன்று மாதம் கழித்துக் கொல்லிமலை ஏறும்போது, அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், இடது பின் மெயின் பட்டை முன்பாதியில் ஒடிந்தது. ஆக்சிலைச் சேசிஸோடு பிடித்து வைத்திருப்பது அந்த மெயின் பட்டைதான், வேறு கம்பி எதுவும் கிடையாது. அது போனதும் ஏற்றத்தில் சக்கரம் தள்ளிய வேகத்தில் ஆக்சில் அந்தப் பக்கம் மட்டும் முன்னால் நகர்ந்து, டயர் பாடியில் உரசி வண்டி நின்றுவிட்டது. முதல் கியரில் போய்க்கொண்டிருந்ததால் தப்பினார்கள், பின்னால் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்களாம். இதே ஒடிவு இறக்கத்தில் நடந்திருந்தால் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒடிந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். புதிதாகச் சேர்த்த குட்டைப் பட்டையின் நுனி மெயின் பட்டையைத் தொட்ட இடத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஒடிந்திருந்தது. ஒரு நல்ல கட்டில் பட்டைகள் படிப்படியாக நீளம் குறைந்து வரும், வளைவும் ஒன்றுக்கொன்று கொஞ்சமாகத்தான் மாறும், அதனால் சுமை முழு நீளத்துக்கும் பரவுகிறது. நடுவில் ஒரு கெட்டியான குட்டைப் பட்டையை நுழைத்தால் அதன் நுனிக்கு வெளியே மெல்லியது, உள்ளே விறைப்பு, வளைவதெல்லாம் அந்த ஒரே கோட்டில் நடக்கும். கம்பியை ஒரே இடத்தில் திருப்பித் திருப்பி வளைத்து ஒடிக்கிற அதே கதை.

தடிமனைப் பற்றி எல்லோரும் தப்பாகவே நினைக்கிறார்கள். "கெட்டியா போடுங்க, ஒடியாம இருக்கும்" என்பார்கள். பட்டையின் விறைப்பு தடிமனின் மூன்றடுக்குப் பெருக்கில், அதாவது தடிமன் × தடிமன் × தடிமன் என்ற கணக்கில் ஏறுகிறது. 6 மிமீக்குப் பதில் 7 மிமீ போட்டால் பார்வைக்கு ஒரு மில்லிமீட்டர்தான், விறைப்போ ஏறக்குறைய 60 சதவீதம் கூடிவிடும். அதே அகலம், அதே நீளத்தில் 6 மிமீ பட்டை ஏழும், 8 மிமீ பட்டை மூன்றும் கிட்டத்தட்ட ஒரே விறைப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏழு முறை 216 என்பது 1512, மூன்று முறை 512 என்பது 1536. ஆனால் இரண்டையும் ஒரே அளவு வளைக்கும்போது 8 மிமீ பட்டையின் மேல்தோல் படும் இழுவை மூன்றில் ஒரு பங்கு அதிகம். கரடுமுரடான பாதையில் சக்கரம் மேலும் கீழும் நிறைய ஆட வேண்டும், ஆகவே மெல்லிசான பட்டைகள் அதிக எண்ணிக்கையில் இருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. உராய்வு கூடும்தான், அதற்கு நுனியில் நைலான் பேட் வைக்கலாம்.

சரி, எடைக்கு வருவோம். அவரை ஜீப்போடு பக்கத்து எடை மேடைக்கு அனுப்பினேன். முன் சக்கரம் இரண்டும் மேடையில் இருக்க ஒரு சீட்டு, பின் சக்கரம் இரண்டும் இருக்க ஒரு சீட்டு, அப்புறம் வழக்கமாகப் போகும் ஆட்கள், சாமான், தண்ணீர் கேன், டீசல் எல்லாம் ஏற்றி மறுபடி இரண்டு. செலவு பெரிதில்லை, ஒரு மணி நேரம் ஆகும். பின்பக்கம் வெறும் வண்டியாக 700 கிலோ, நிறைந்தபோது 980 கிலோ வந்தது. இதில் ஆக்சில், டிரம், சக்கரம் எல்லாம் பட்டைக்குக் கீழே தொங்குபவை, அவற்றைப் பட்டை தாங்குவதில்லை, அதற்கு 140 கிலோ கழித்தோம். மீதியை இரண்டால் வகுத்தால் ஒரு பட்டைக் கட்டுக்கு வெறுமையில் 280, நிறைவில் 420.

இப்போதுதான் பட்டையைத் தேர்ந்தெடுக்க முடியும். வெறும் வண்டிக்கும் நிறைந்த வண்டிக்கும் நடுவில் 50 மிமீ இறங்கினால் போதும் என்று முடிவு செய்தோம். 140 கிலோவுக்கு 50 மிமீ என்றால் மில்லிமீட்டருக்கு 2.8 கிலோ. அதே விறைப்பில் வெறும் வண்டியின் 280 கிலோ பட்டையை 100 மிமீ அமுக்கும். வண்டி நிற்கும்போது 50 மிமீ வளைவு (இரண்டு முனைகளையும் சேர்க்கும் நேர்கோட்டிலிருந்து பட்டையின் நடு இறங்கியிருக்கும் ஆழம்) வேண்டும் என்றால், கழற்றி வைத்த நிலையில் பட்டைக்கு 150 மிமீ வளைவு இருக்க வேண்டும். உயரம் என்பது இந்தக் கடைசி வரியில்தான் வருகிறது. எடை தெரியாமல் இந்த எண் எதையும் போட முடியாது, அப்படிப் போட்டால் அது ஊகம்தான்.

உங்கள் பழைய பட்டையின் விறைப்பை வீட்டிலேயே அளக்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஆக்சிலுக்கு நேர் மேலே சேசிஸ் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று இரண்டு பக்கமும் டேப்பில் அளந்துகொள்ளுங்கள். நாலு சிமெண்ட் மூட்டையை, அதாவது 200 கிலோவை, பின் ஆக்சிலுக்கு நேர் மேலே வையுங்கள். 40 மிமீ இறங்கினால் இரண்டு கட்டுக்கும் சேர்த்து மில்லிமீட்டருக்கு 5 கிலோ, ஒரு கட்டுக்கு 2.5.

இதைச் செய்து பார்த்தவர்களில் நிறையப் பேருக்கு லிஃப்டே தேவைப்படவில்லை. பத்து, பதினைந்து வருடம் ஓடிய பட்டை உட்கார்ந்துபோய், வண்டி ஒன்றரை இஞ்ச் தாழ்ந்திருக்கும். பழைய உயரத்துக்கு, இப்போதைய எடைக்குத் தகுந்த விறைப்பில் புதுக் கட்டு போட்டாலே அவர்கள் கேட்ட இடைவெளி கிடைத்துவிடுகிறது. ரோட்டில் ஓடும் வண்டிக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பட்டை அடிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாழ்ந்த பட்டையைக் கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றுவது எங்கள் தொழிலில் காலங்காலமாக இருப்பதுதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அடித்து ஏற்றிய வளைவு சில மாதத்தில் இறங்கிவிடுகிறது, அடி விழுந்த தழும்பு விரிசலுக்கு வாசல் ஆகிறது. அதைவிட மோசம் கேஸ் வெல்டிங் டார்ச்சில் சிவக்கக் காய்ச்சி வளைப்பது. பட்டை எஃகு முழுதாக 850 டிகிரிக்கு மேல் காய்ந்து, எண்ணெயில் குளிர்ந்து, மறுபடி 450, 500 டிகிரி பக்கத்தில் பதப்பட்டு வந்தது. ஒரு இடத்தில் மட்டும் டார்ச் காட்டினால் அந்த இடத்தில் பதம் போய்விடும், வெளியே எதுவும் தெரியாது. உங்கள் பட்டையில் யாராவது டார்ச் வைத்தால் அதை வாங்காதீர்கள்.

புதுக் கட்டு செய்யக் கொடுக்கும்போது என்ன எஃகு என்று கேளுங்கள். நம் ஊரில் இஎன்45, சப்9, சப்11ஏ, 50சிஆர்வி4 என்ற பெயர்களில் கிடைக்கிறது. எல்லாமே பட்டைக்கு உரியவைதான், சரியாகப் பதப்படுத்தியிருந்தால். அதனால் பெயரைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு. மேல்பக்கத்துக்கு ஷாட் பீனிங் செய்ததா, அதாவது சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளை வேகமாக அடித்து மேல்தோலை இறுக்கியதா? செய்து முடித்த கட்டைப் பிரஸ்ஸில் முழுவதும் அமுக்கி விட்டார்களா? அமுக்கி விட்ட பட்டை தன் இறக்கத்தைப் பட்டறையிலேயே முடித்துக்கொள்கிறது, விடாதது உங்கள் வண்டியில் முடிக்கும். இரண்டாவது பட்டையின் நுனி மெயின் பட்டையின் முனையில் புஷ் மாட்டும் வளையத்தைச் சுற்றி வரும்படி கேட்டு வாங்குங்கள். மெயின் ஒடிந்தாலும் ஆக்சிலை அது பிடித்து வைக்கும். கொல்லிமலையில் அந்த ஜீப்புக்கு அது இல்லாமல் போயிற்று.

வளைவு ஏறினால் பட்டையின் இரண்டு வளையங்களுக்கும் நடுவில் உள்ள தூரம் குறையும். பழைய நீளத்திலேயே மெயின் பட்டையை வெட்டி அதிகமாக வளைத்தால் ஷேக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு சேர்க்கும், ஆடக்கூடிய இணைப்பு) உள்பக்கமாக இழுக்கப்பட்டு நிற்கும், மேட்டில் ஏறும்போது அது ஆட இடமில்லாமல் சேசிஸில் இடிக்கும், "புதுப் பட்டை ரொம்ப அடிக்குது" என்று என்னிடம் வருவார்கள். தூக்கும் பட்டைக்கு மெயினின் நீளமும் கூட வேண்டும். ஷேக்கிளையே நீளமாகப் போட்டு உயர்த்துகிறவர்களும் உண்டு. அதில் கூட்டிய நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், ஆக்சிலும் திரும்பிக்கொள்ளும், முன்பக்கம் அப்படிச் செய்தால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது அல்லது கையில் நடுங்கும். முன் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவதை யார் கேட்டாலும் நான் செய்து தருவதில்லை, பிரேக் போடும்போது கட்டை நழுவினால் ஸ்டியரிங்கே கையில் இருக்காது.

எல்லோரும் மறக்கிற இன்னொன்று பிரேக். சில வண்டிகளில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு சின்னக் கம்பி சேசிஸில் இருக்கும் வால்வுக்குப் போகும், சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும், உயர்ந்தால் குறைக்கும். நீங்கள் வண்டியைத் தூக்கியதும் அந்த வால்வு, வண்டி எப்போதும் காலி என்று நினைத்துக்கொள்கிறது. நிறைய ஆள் ஏற்றி இறக்கத்தில் வரும்போது பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். அந்தக் கம்பியைப் புது உயரத்துக்குத் தகுந்தபடி சரிசெய்ய வேண்டும். கூடவே பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர், ஜாயிண்ட் ஷாஃப்ட் மூன்றும் சக்கரம் முழுவதும் தொங்கும்போது எட்டுகிறதா என்று ஜாக்கியில் தூக்கிப் பார்க்காமல் பட்டறையை விட்டு வண்டியை எடுக்காதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் இதைத்தான் பார்ப்பார், அதனால் வேலை தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, 2020-இல் வந்த புது மஹிந்திரா தார் ஜீப்பில் பின்னாலும் காயில் ஸ்பிரிங்தான், அதற்குப் பட்டை கேட்டு வராதீர்கள். அதற்கு முந்தைய சிஆர்டிஇ எஞ்சின் தாரில் பின்பக்கம் மட்டும் பட்டை உண்டு, மாருதி ஜிப்சியில் நான்கு பக்கமும்.

மாட்டும்போது, கட்டை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யு போல்ட் நான்கும் புதிதாக இருக்கட்டும், ஒருமுறை இழுபட்ட பழையதை மறுபடி இறுக்கினால் பிடிப்பு நிற்காது. அது தளர்ந்தால் சுமையெல்லாம், பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டின் மேல் விழுந்து அது வெட்டுப்படும். ரப்பர் புஷ் உள்ள வளையங்களின் போல்ட்டை வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். அந்தக் கொல்லிமலை ஜீப்புக்கு 6 மிமீ பட்டையில் புதுக் கட்டு போட்டுக் கொடுத்தோம், பழைய உயரத்தைவிட ஒன்றரை இஞ்ச் மட்டும் அதிகம். 500 கிலோமீட்டர் ஓடியதும் அவர் கொண்டுவந்தார், யு போல்ட்டுகள் ஒவ்வொன்றும் கால் சுற்று வாங்கின, இரண்டு பக்கமும் டேப் வைத்ததில் இடதும் வலதும் 6 மிமீ இறங்கியிருந்தன.