அறை இருக்கிறது, ஆள்தான் இல்லை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2023 மே மாதம் நிறைவேறிய 60ஆவது சட்டமூலம், தனியார் நிலையங்களில் ஓஹிப் (மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி) செலவில் நடக்கும் சத்திரசிகிச்சைகளைக் கூட்டுவதற்கு வழிவிட்டது. முதலில் கண்புரை, அப்புறம் இடுப்பு, முழங்கால் மாற்று. "காசு அரசாங்கம்தானே கட்டுது, எங்கே செய்தால் என்ன?" என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

சத்திரசிகிச்சை அறைத் தாதியான எனக்கு இடிப்பது ஒன்றுதான். எங்கள் பொது மருத்துவமனையில் அன்றைய சத்திரசிகிச்சைப் பட்டியல் ரத்தாகும் நாட்களில் மேசை, விளக்கு, கருவி எல்லாம் தயாராகவே இருக்கும். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரோ, தாதியோ இருக்கமாட்டார். 2019இல் வந்த 124ஆவது சட்டமூலம் மருத்துவமனைத் தாதிகளின் சம்பள உயர்வை மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 1 சதவீதத்தோடு நிறுத்தியது. நீதிமன்றம் பிறகு அது செல்லாது என்றது. அதற்குள் பலர் போய்விட்டார்கள். இரவு வேலையும் வார இறுதி அழைப்பும் இல்லாத நிலையம் பக்கத்தில் திறந்தால் இன்னும் சிலர் போவார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

தனியார் நிலையத்துக்கு ஏற்றவர், காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போகக்கூடியவர். குடலிறக்கச் சிகிச்சைக்குப் பேர்போன தோர்ன்ஹில் ஊரிலுள்ள சோல்டைஸ் தனியார் மருத்துவமனையிலும் எடை கூடியவர்களை மெலிந்து வரச் சொல்வார்கள். பாதுகாப்புக்காகத்தான், பிழையில்லை. ஆனால் சர்க்கரை, இதய நோய், தூக்கத்தில் மூச்சுத்தடை எல்லாம் உள்ளவர் எங்கே போவார்? பொது மருத்துவமனைக்கு. அவருக்கு நேரமும் கூட, ஆளும் கூட. பிறகு இரண்டு இடத்துக் கணக்கையும் பக்கத்தில் வைத்து "தனியார் வேகம்" என்று எழுதினால் எரிச்சல் வராதா? பயிற்சி மருத்துவர்கள் கை பழகுவதும் சிக்கலில்லாத கேஸ்களில்தான். அவையும் வெளியே போகின்றன.

சரி, அம்மா அப்பாவைக் கண்புரைக்குக் கூட்டிப்போகும் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள். சத்திரசிகிச்சைக்கும் கண்ணுக்குள் வைக்கும் சாதாரண வில்லைக்கும் ஓஹிப் கட்டும். விசேட வில்லை உங்கள் விருப்பம், கட்டாயமில்லை. முறையற்ற கட்டணங்களிலிருந்து நோயாளிகளைக் காக்க மாகாண அளவில் மேற்பார்வை இல்லை என்று தணிக்கையாளர் நாயகமே 2021இல் எழுதினார். ஆகவே "ஓஹிப் வில்லை போட்டால் நான் எவ்வளவு கட்டவேண்டும்?" என்று நேராகக் கேளுங்கள். விடை சைபர் டொலராக இருக்கவேண்டும். காசு கட்டினால் முன்னுக்கு எடுப்போம் என்றால் அது சட்டவிரோதம். பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு சுகாதார அமைச்சிடம் முறையிடலாம்.