இருபத்தைந்து நானோமீட்டர் இடைவெளி

ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் படிகத்தை ஒரு காலத்தில் வைரத்துக்குப் பதிலாக மோதிரத்தில் பதித்தார்கள். வைரத்தைவிட அதிகமாக வண்ணங்களை வாரியிறைக்கும். என்ன, சீக்கிரம் கீறல் விழுந்துவிடும். இயற்பியல்காரர்கள் அதை விரும்புவது வேறு காரணத்துக்காக. வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் ஒரு பொருள் எத்தனை மடங்கு மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்க உதவும் என்று சொல்லும் எண்தான் மின்காப்பு மாறிலி. அறை வெப்பநிலையில் இந்தப் படிகத்துக்கு அது சுமார் 300. குளிரக் குளிர ஏறிக்கொண்டே போய், திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வின் பக்கம் (மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) 20,000-ஐத் தாண்டிவிடும்.

இதை அளப்பது கேட்பதற்கு எளிது. 5 மி.மீ. சதுரத்தில், அரை மி.மீ. தடிமனில் ஒரு வில்லை. இரு பக்கமும் உலோகப் பூச்சு. சரி, மின்தேக்கி தயார். அந்த இடத்தில் வெறும் வெற்றிடம் இருந்தால் அதன் தேக்குதிறன் 0.44 பிகோஃபாரட், படிகம் இருந்தால் அறை வெப்பநிலையில் 133, கடுங்குளிரில் கிட்டத்தட்ட 8,900. வெற்றிடத்தின் எண்ணால் வகுத்தால் மாறிலி கிடைத்துவிடும்.

சிக்கல் கேபிளில் தொடங்குகிறது. சாதாரண கோஆக்சியல் கேபிள் ஒரு மீட்டருக்கே சுமார் 100 பிகோஃபாரட் வரும். அதனால் வில்லையின் ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனிக் கேபிள் போட்டு, இரண்டின் உறையையும் தரையிணைப்பு செய்கிறார்கள். வில்லை வழியாக வரும் மின்னோட்டத்தை மட்டும் அளவீட்டுப் பாலம் (தேக்குதிறனை அளக்கும் மின்சுற்று) கணக்கில் எடுக்கும். உறைக்குப் போவது கணக்கில் வராது. அந்தக் கம்பிகள் வெளியிலிருந்து வெப்பத்தையும் உள்ளே கடத்திவரும் என்பதால் மெலிதாகவும் இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், உண்மையான வில்லன் காற்றிடைவெளிதான். வில்லையை இரண்டு தகடுகளுக்கு நடுவே சும்மா அழுத்தி வைத்ததாக வைத்துக்கொள்வோம். எங்கோ 25 நானோமீட்டர் இடைவெளி; தலைமுடியின் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. அறை வெப்பநிலையில் அதனால் வரும் பிழை ஒன்றரை சதவீதம். யாருக்கும் தெரியாது. ஆனால் மாறிலி 20,000 ஆகும்போது, அரை மி.மீ. படிகம் மின்கணக்கில் 25 நானோமீட்டர் வெற்றிடத்துக்குச் சமம். அந்த இடைவெளியும் அதே அளவு. ஆக, கருவி 10,000 என்று காட்டும், அதுவும் கூச்சமே இல்லாமல்! தங்கத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கி நேரடியாகப் படிகத்தின் மேலேயே படியவைப்பது இதனால்தான்.

மின்னழுத்தமும் சிறிதாகவே இருக்க வேண்டும். குளிரில் இந்தப் படிகம் தொட்டாற்சிணுங்கி. மின்புலம் கூடினால் மாறிலி சரிந்துவிடும். அப்புறம், வெப்பநிலை இறங்கும்போதும் ஏறும்போதும் மாறிலியின் வளைகோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஒத்துப்போகவில்லையென்றால், படிகம் வெப்பமானியைவிடப் பின்தங்கியிருக்கக்கூடும்.

சூரிச் அருகிலுள்ள ஐ.பி.எம். ஆய்வகத்தில் மியூலரும் பர்க்கார்டும் 1979இல் வெளியிட்ட அளவீட்டில், 4 கெல்வினுக்குக் கீழே மாறிலி ஏறாமல் சமதளமாக நின்றது. மேலேயிருந்து வரும் போக்கைப் பார்த்தால் 35 கெல்வின் வாக்கிலேயே அயனிகள் (மின்னூட்டமுள்ள அணுக்கள்) ஒருபக்கமாக நகர்ந்து, படிகம் தானாகவே முனைவாகியிருக்க வேண்டும்; அதாவது ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின். அப்படி நடக்கவில்லை. கடுங்குளிரிலும் ஓயாத குவாண்டம் அதிர்வு அயனிகளை ஓரிடத்தில் நிலைகொள்ள விடவில்லை.

1999இல் ஜப்பானில் படிகத்தின் ஆக்சிஜனை எடைகூடிய ஆக்சிஜன்-18 ஆக மாற்றிப் பார்த்தார்கள். கனம் கூடியதும் அதிர்வு தணிந்தது. இம்முறை சமதளம் வரவில்லை. 23 கெல்வின் அருகே வளைகோட்டில் ஓர் உச்சி எழுந்தது; படிகம் முனைவானதன் அடையாளம் அது.