பாறைக்குத் தாளின் ஓரம் தெரியாது

போன மாதம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்கு நீரோட்டம் பார்க்கப் போயிருந்தேன். தோப்புக்கார அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும். நான் கருவியை வண்டியிலிருந்து இறக்குவதற்குள் கைப்பேசியை முன்னால் நீட்டிவிட்டார். திரையில் வண்ண வண்ணமாய் ஒரு நிலவியல் வரைபடம்.

“சார், மகன் கம்ப்யூட்டர்ல எடுத்து அனுப்புனான். நம்ம தோப்பு இந்த ரோஸ் கலர்ல வருது. இது தண்ணியுள்ள கல்லா, இல்லாத கல்லா?”

இருபது வருஷத்துக்கு மேலாக இதே தொழில். தேங்காய், வேப்பங்குச்சி, கனவில் வந்து இடம் காட்டிய சாமி என்று எல்லாவற்றோடும் மல்லுக்கட்டியிருக்கிறேன். படத்தோடு ஒருவர் வந்து நின்றது அன்றைக்குத்தான். மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது. அளவுகோலைப் பார்த்ததும் சந்தோஷம் பாதியானது. 1:20,00,000. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் இரண்டு கிலோமீட்டர். அவருடைய நாலு ஏக்கர் தோப்பு, பக்கத்துக் குளம், அம்மன் கோயில், பஸ் ஸ்டாப்பு எல்லாம் ஒரு பேனாப் புள்ளிக்குள் போய்விடும். ரோஸ் கலர் சொல்வது தோப்பைப் பற்றி அல்ல, வட்டாரத்தைப் பற்றி.

“பெரிய படம் இருக்கு அண்ணாச்சி, 1:50,000. அதுல ஒரு மில்லிமீட்டர் அம்பது மீட்டர்தான். அதையும் சும்மாவே எடுக்கலாம்” என்றேன். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் பெயரைப் பதிந்துகொண்டால் போதும். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சும்மா கிடைப்பதில் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்பது நம்ம ஊர்க் கணக்கு.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் இது சும்மா கிடைக்கவில்லை. 1851ல் தொடங்கிய துறை அது. 1883லேயே அந்தத் துறையின் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை எழுதி வைத்துவிட்டார். படம் இருந்தது, கைக்கு வருவதுதான் பாடு. கடலோரப் பகுதிகளுக்கு அடிப்படையான நிலப்படத் தாளே கட்டுப்பாட்டில் இருந்தது. கடிதம், அனுமதி, காத்திருப்பு. கடைசியில் யாரோ எடுத்து வைத்திருந்த ஜெராக்ஸின் ஜெராக்ஸ் கைக்கு வரும். அதில் கோடு எது, தாள் மடித்த தடம் எது என்று தெரியாது.

அப்படி ஒரு ஜெராக்ஸை நம்பி நான் செய்த தப்பைச் சொல்லத்தான் வேண்டும். 2006 வாக்கில், மானூர் பக்கம் ஒரு விவசாயி. படத்தில் ஒல்லியாக ஒரு சுண்ணாம்புக்கல் பட்டை ஓடியது. தாழையூத்துச் சுண்ணாம்புக்கல் என்று நாம் சொல்லும் இனம்தான். அதன் விளிம்பில் தண்ணீர் தங்கும் நல்ல வெடிப்பு இருக்கும் என்று கணக்குப் போட்டேன். படத்திலிருந்து அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்தேன். கைக்கருவி ஜிபிஎஸ்ஸில் ஏற்றினேன். கருவி காட்டிய இடத்தில் சுண்ணாம்பு அடித்துக் குறி போட்டேன். ரிக் வண்டி வந்தது. 480 அடி வரைக்கும் புழுதிதான் பறந்தது.

பாறை ஏமாற்றவில்லை. அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிட ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு. படம் பழைய எவரெஸ்ட் அளவை முறையில் இருந்தது, ஜிபிஎஸ் கருவி டபிள்யூஜிஎஸ் 84 முறையில். இரண்டுக்கும் நம்ம வட்டாரத்தில் ஏறத்தாழ 200 மீட்டர் வித்தியாசம் வரும். தாளில் பார்த்தால் நாலு மில்லிமீட்டர், விரல் நகத்தின் பாதி. தரையில் அது வேறு ஆள் வயல். கல்லூரியில் படித்த பாடம்தான், வெயிலில் நிற்கும்போது ஞாபகம் வரவில்லை. அந்த விவசாயி என்னைத் திட்டவில்லை. “உங்க யோகம் அப்படி, நம்ம யோகமும் அப்படி” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே தரவு வெளியே வருவது பாதி வேலைதான். எந்த முறையில் வரைந்தது, எந்த வருஷம், எந்த அளவுகோல் என்ற விவரமும் கூடவே வந்தாக வேண்டும். இதை நாட்டுக்கு நாடு ஒழுங்குபடுத்தக் கிளம்பியதுதான் ஒன்ஜியாலஜி திட்டம். 2007 மார்ச்சில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்தில் பல நாட்டு நிலவியல் துறைகள் கூடிப் பேசின. 2008 ஆகஸ்டில் ஆஸ்லோவில் நடந்த சர்வதேச நிலவியல் மாநாட்டில் இணைய வாசலைத் திறந்தார்கள். உலகத்துப் பாறைப் படங்களை 1:10,00,000 அளவில் ஒரே இடத்தில் பார்க்க வைப்பது நோக்கம். நூறு நாடுகளுக்கு மேல் சேர்ந்தன. இதில் எனக்குப் பிடித்த விஷயம், எந்த நாடும் தன் படத்தைத் தூக்கி இன்னொருத்தர் கையில் கொடுக்க வேண்டியதில்லை. படம் அவரவர் கணினியிலேயே இருக்கும், வாசல் மட்டும் பொது. கணினி வசதி இல்லாத நாட்டுக்குப் பக்கபலமாக இன்னொரு நாடு தன் இடத்தில் வைத்துப் படத்தைக் காட்டும்.

சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் அடுத்த வம்பு. எல்லைக் கோட்டில் பாறை மாறிவிடும்! இந்தப் பக்கம் ஒரு பெயர், ஒரு நிறம். அந்தப் பக்கம் வேறு. நாட்டு எல்லை வரை போக வேண்டாம், ஒரே துறையின் இரண்டு தாளை ஒட்டிப் பாருங்கள். வேறு வேறு காலத்தில் வேறு வேறு ஆள் வரைந்திருந்தால் ஓரத்தில் பாறை வெட்டினாற்போல் நிற்கும். அதை ‘தாள் ஓரப் பிளவு’ என்று நாங்கள் கேலி பேசுவோம்.

கொத்தவரங்காயை நாம் சீனி அவரைக்காய் என்கிறோம். சென்னைக் கடையில் போய்ச் சீனி அவரைக்காய் கேட்டால் முழிப்பார்கள். காய் ஒன்றுதான். பாறையிலும் அதே கதை. ஒடிசாவின் கோண்டு மக்கள் பெயரால் ‘கோண்டலைட்’ என்று ஒருவர் எழுதுவார். அதே கல்லை, உள்ளே இருக்கும் கனிமங்களை வைத்து ‘கார்னெட் சிலிமனைட் நைஸ்’ என்று இன்னொருவர் எழுதுவார். இரண்டும் ஒன்று என்று கணினிக்கு யார் சொல்வது? அதற்காகத்தான் ஜியோசைஎம்எல் என்ற பொது எழுத்துமுறையை உருவாக்கினார்கள். பாறையின் பெயர், வயது, கலவை, எல்லை எவ்வளவு உறுதி என்று ஒவ்வொன்றுக்கும் தனிக்கட்டம். உள்ளூர்ப் பெயரும் இருக்கும், பொதுப் பெயரும் இருக்கும்.

நமக்கு இது தூரத்து விவகாரம் இல்லை. பொதிகை மலையின் கல்லும் இலங்கை நடுமலையின் கல்லும் சொந்தக்காரர்கள். சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன் இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு அண்டார்டிகா எல்லாம் ஒரே நிலமாய் ஒட்டியபோது வெந்து உருமாறிய பாறைகள் அவை. கேரளத்திலிருந்து நம்ம திருநெல்வேலிச் சீமைக்குள் இறங்கும் அச்சன்கோவில் பிளவுப் பட்டையின் தொடர்ச்சியை ஆய்வாளர்கள் மடகாஸ்கரில் தேடுகிறார்கள். மன்னார் வளைகுடாவோடு நம் படமும் நின்றுபோனால் பாதிக் கதைதான் தெரியும்.

உலகப் படம் மட்டும் போதுமா என்றால், அதற்கு ஆயன்குளம் கிணறு பதில் சொல்லும். 2021 மழையில் திசையன்விளைப் பக்கம் அந்தக் கிணற்றுக்குள் வெள்ளத்தைத் திருப்பிவிட்டார்கள். நாள்கணக்கில் பாய்ந்தும் கிணறு நிரம்பவில்லை. நம்ம ஆட்கள் கூட்டம் கூட்டமாக வேடிக்கை பார்க்கப் போனார்கள், நானும்தான் போனேன். கீழே வாய் பிளந்த மாதிரி ஓர் இரைச்சல். சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் வந்து பார்த்து, அடியில் சுண்ணாம்புப் பாறையை நீர் அரித்து உண்டாக்கிய பொந்துகள்தான் காரணம் என்றார்கள். இப்படிப்பட்ட பாறைகளுக்கென்றே யுனெஸ்கோவும் ஜெர்மனி நிலவியல் துறையும் மற்றவர்களும் சேர்ந்து 2017ல் ஓர் உலகப் படம் வெளியிட்டார்கள். அளவுகோல் நாலு கோடிக்கு ஒன்று, மில்லிமீட்டருக்கு 40 கிலோமீட்டர். அருமையான வேலை. அதில் ஆயன்குளத்தைத் தேடினால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சின்ன விவரம் மேலிருந்து வராது. அது போர் போடும்போது மேலே வருகிறது, அன்றைக்கே மண்ணில் கொட்டிப் போகிறது. பிரிட்டனில் தண்ணீருக்காக 15 மீட்டருக்கு மேல் துளை போட்டால் அந்தப் பதிவு நிலவியல் துறைக்குப் போக வேண்டும் என்பது சட்டம். அங்கே பத்து லட்சத்துக்கு மேல் துளைப் பதிவுகள் சேர்ந்துகிடக்கின்றன. பெரும்பாலானதை யாரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். இங்கே போர் போட அனுமதி வாங்க விதி உண்டு, மூடி போட விதி உண்டு. எத்தனை அடியில் என்ன கல் என்று கேட்டு வாங்கிய ஒருவரை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. ரிக் வண்டிக்காரருக்கு எல்லாம் மனப்பாடம். “அந்த ஊர்ல 200ல வெங்கச்சங்கல் வரும் சார், பிட்டு தேயும்” என்பார். வண்டியை விற்றுவிட்டு அவர் ஊருக்குப் போகும்போது அதுவும் போய்விடும். நான் மட்டும் யோக்கியனா? என் பழைய நோட்டுகள் பரணில் கரையான் தின்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

நாங்குநேரித் தோப்பில் தரைக்குள் மின்சாரம் செலுத்தி மின்தடை அளவு எடுத்து, வடகிழக்கு மூலையில் இடம் சொன்னேன். நான்கு நாள் கழித்து ரிக் வந்தது. பத்தடிக்கு ஒரு கை தூளை எடுத்து வரிசையாகத் தென்னை மட்டையில் குவிக்கச் சொன்னேன். வேலையாட்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போய்ப் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து வந்து பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்: 10 செவல், 20 சுக்கான், 30 சுக்கான், 40 மக்கிய கல். 170க்குக் கீழே கல் கறுத்தது. 230ல் தூள் கையில் ஒட்டியது.

“சார், இதுக்கு என்ன பேர் போட?”

“ஈரம்னு போடுங்க அண்ணாச்சி. அடியை மட்டும் சரியாப் போடுங்க.”