பயிர் காப்பீடு: உங்கள் வயல் கணக்கா, ஊர்க் கணக்கா?

வயல் முழுக்கச் சாய்ந்து கிடக்கிறது, பிரீமியமும் கட்டியாகிவிட்டது, ஆனால் இழப்பீடு வரவில்லை. 2016 முதல் நடப்பில் உள்ள பிரதமரின் பயிர் காப்பீட்டுத் திட்டத்தில் அடிக்கடி எழும் குறை இது. மழை தப்பினாலும் கொட்டித் தீர்த்தாலும் கைகொடுக்க வேண்டிய திட்டம் என்பதால், கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

பெரும்பாலான இழப்பீடு ஊர்க் கணக்குதான். கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்து, நெல் என்றால் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். கடந்த 7 ஆண்டுகளில் நன்றாக விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதத்தை உத்தரவாத மகசூலாக வைப்பார்கள். அது ஏக்கருக்கு 1,000 கிலோ, இந்த ஆண்டு எடை 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குறைவு 30 சதவீதம். காப்பீட்டுத் தொகை 30,000 ரூபாய் என்றால் கிடைப்பது 9,000. ஊர் சராசரி 1,000 கிலோவைத் தாண்டிவிட்டால், உங்கள் வயலில் ஒன்றுமே மிஞ்சாவிட்டாலும் இந்த வழியில் பணம் வராது. ஆகவே இப்படி அறுத்து எடை போடும் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளில் ஊர்க்காரர்கள் நாலு பேராவது வரப்பில் நில்லுங்கள்.

தனி வயலைப் பார்த்துத் தருவதும் உண்டு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு போன்றவற்றில் பயிர் சேதமானால் 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணிலோ பயிர் காப்பீட்டுச் செயலியிலோ தெரிவித்தாக வேண்டும். அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் புயல் மழையிலோ பருவம் தப்பிய மழையிலோ நனைந்தாலும் இதே கெடுதான். ஆனால் அறுவடையிலிருந்து 14 நாள் வரைதான் பாதுகாப்பு. நெல் நீரில் மூழ்குவதை 2018இல் தனி வயலைப் பார்த்துத் தரும் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். டெல்டா உழவர்களுக்கு அது பெரிய அடி. 2026 காரிஃப் (தென்மேற்குப் பருவமழைக் கால சாகுபடி) முதல் மீண்டும் சேர்ப்பதாக ஒன்றிய அரசு அறிவித்துள்ளது.

சம்பா நெல்லுக்கு உழவர் கட்டும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், ஆண்டுப் பணப்பயிர், தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 வரை. அடங்கல் (எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமப் பதிவு), சிட்டா (நில உரிமைப் பதிவு), ஆதார், வங்கிப் புத்தகத்தோடு பொது சேவை மையத்திலோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ பதியலாம். ரசீதை வாங்கிய இடத்திலேயே புல எண்ணையும் உட்பிரிவையும் அடங்கலோடு ஒப்பிடுங்கள். 112/2ஏ என்பது 112/2 என்று பதிவானால் இழப்பீடு சிக்கிக்கொள்ளும். கடைசி நாள் கூட்டத்தில்தான் இந்தப் பிழை அதிகம் நேர்கிறது. அடங்கல் கைக்கு வந்ததும் போய்விடுங்கள்.