‘ஹிஸ்டரி’: கட்டளை வரலாறும் அதன் விரியும்

கட்டளைகளைத் தட்டச்சிட்டுக் கணினியிடம் வேலை வாங்கும் ஷெல் நிரலில், இதுவரை இட்ட கட்டளைகளை எண்ணிட்டுச் சேமிக்கும் பட்டியலுக்கு ‘ஹிஸ்டரி’ என்று பெயர். கிரேக்கத்தில் ‘ஹிஸ்டோரியா’ என்றால் விசாரித்தறிதல். இலத்தீன் வழியாக ஆங்கிலத்தில் புகுந்த அச்சொல், நாளடைவில் நடந்தவற்றின் பதிவைக் குறிக்கலாயிற்று. ஷெல்லில் இவ்வசதியைப் பரவச் செய்தது, 1970களின் இறுதியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதிய சி ஷெல். !! என்று இட்டால் கடைசிக் கட்டளையும், ஓர் ஆச்சரியக்குறியோடு எண்ணைச் சேர்த்து இட்டால் அவ்வெண்ணுக்குரிய கட்டளையும் மீண்டும் ஓடும் என்ற அதன் வழக்கத்தை, 1989இல் வெளிவந்த பாஷ் ஷெல்லும் ஏற்றுக்கொண்டது.

தமிழில் இதற்கு ‘வரலாறு’ என்பதே பொருந்தும். ‘பதிவேடு’ என்று சொல்வோரும் உண்டு. ஆனால் அது, நிரல்கள் நடப்பவற்றைக் குறித்துவைக்கும் ‘லாக்’ என்பதற்கு வேண்டியிருக்கிறது. வரல், ஆறு என்று பிரித்தால் வரலாறு என்பது ‘வந்த வழி’. இந்தப் பொருளை மனத்தில் வைத்திருந்தால், மறு இயக்கத்தில் நேரும் ஒரு பழைய வழு எளிதில் விளங்கும்.

சேலத்தில் இயங்குதளப் பாடம் படிக்கும் மாணவர்களுக்கு, சிறிய ஷெல் ஒன்றைத் தாமே எழுதிப் பார்க்கும் பயிற்சியில் உதவி வருகிறேன். ஒரு குழுவினரின் நிரல், தட்டச்சிட்ட வரியை முதலில் பட்டியலில் சேர்த்துவிட்டு, அது !! ஆக இருந்தால் பட்டியலின் கடைசி வரியை எடுத்து ஓட்டியது. கடைசி வரியோ அந்த !! தான், நிரல் தன்னையே அழைத்து அழைத்து நின்றுபோனது. கடைசிக்கு முந்தைய வரியை எடுக்குமாறு திருத்தினார்கள். முதல்முறை சரியாக ஓடியது, கைதட்டலும் எழுந்தது, இரண்டாம் முறை !! இட்டபோது முந்தைய வரியும் !! ஆகவே இருந்ததால் பழைய சுழலே திரும்பியது.

மாலையில் தட்டுவடை செட் கடையில் நின்றபோது அவர்களுக்கு இதை விளக்க முடிந்தது. ‘அதே இன்னொண்ணு’ என்று நாம் கேட்டால், கணக்கெழுதுபவர் சீட்டில் ‘தட்டுவடை செட்’ என்று எழுதுவாரே தவிர ‘அதே’ என்று எழுதமாட்டார். அப்படி எழுதினால், அடுத்த ‘அதே’ எதைச் சுட்டுகிறது என்று சீட்டைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

ஆகவே, சேமிப்பதற்கு முன்பே !! என்பதை அது சுட்டும் கட்டளையாக மாற்றிவிட வேண்டும். ‘எக்ஸ்பான்ஷன்’ எனப்படும் இச்செயலுக்குச் சிலர் எழுதும் ‘விரிவாக்கம்’ என்ற சொல் சாலையையும் நகரத்தையும் நினைவூட்டுகிறது. நம் இலக்கணத்திலேயே தொகை, விரி என்ற இணை இருக்கிறது: ‘பால்குடம்’ என்ற தொகையை ‘பாலை உடைய குடம்’ என்று விரித்தே பொருள் கொள்கிறோம். !! ஒரு தொகை, அது சுட்டும் முழுக் கட்டளை அதன் விரி. எனவே ‘வரலாற்று விரி’ என்பதே என் பரிந்துரை. பிழைக்கு ‘வழு’ என்ற சொல்லும் இலக்கணத்திலிருந்து வந்ததுதான். நன்னூல் வழுக்களை ஏழாக வகுக்கிறது.

பாஷ் இதே முறையில்தான் நடக்கிறது: விரித்த வரியைத் திரையில் காட்டி, அதையே வரலாற்றில் சேர்த்து, பிறகு ஓட்டுகிறது. பழைய கட்டளையைத் திருத்தி மீண்டும் ஓட்ட உதவும் ‘எஃப்சி’ கட்டளைக்கும், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை இவ்வாறே விதிக்கிறது. திருத்தப்பட்ட வரி வரலாற்றில் சேரும், அதற்குக் காரணமான எஃப்சி வரி சேராது.

மாணவர்கள் தம் நிரலில், சேமிக்கும் வரியை விரிக்கும் வரிக்குக் கீழே நகர்த்தினார்கள். பட்டியல் வெறுமையாக இருக்கும்போது !! இட்டால் ‘முந்தைய கட்டளை இல்லை’ என்று சொல்லவும் வைத்தார்கள். பிறகு, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை ஒருமுறையும் !! என்பதை மூன்று முறையும் இட்டுப் பார்த்தபோது, வரலாற்றில் நான்கு வரிகள் இருந்தன, நான்கும் எல்எஸ்.