விமான நிறுவனம் யாரிடம், எதை, எப்போது சொல்ல வேண்டும்?

2021 மே மாதம் ஏர் இந்தியா தன் பயணிகளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. உலகம் முழுக்கச் சுமார் 45 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போய்விட்டன என்பதுதான் அதிலிருந்த செய்தி. பெயர், பிறந்த தேதி, தொடர்பு விவரம், பாஸ்போர்ட், டிக்கெட் தகவல், கிரெடிட் கார்டு விவரம் எல்லாம் அதில் அடக்கம். கார்டுக்குப் பின்னால் இருக்கும் மூன்று இலக்க எண் மட்டும் அந்த இடத்தில் சேமிக்கப்படவில்லை என்று சொன்னார்கள். 2011 ஆகஸ்ட் 26 முதல் 2021 பிப்ரவரி 3 வரை பதிவான தகவல்கள் அவை. 2012-இல் ஒரு கல்யாணத்துக்காக ஒரே ஒரு தடவை சிங்கப்பூர் போய் வந்தவரும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கலாம். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருப்பார், போன் நம்பரைக்கூட மாற்றியிருப்பார். பிறந்த தேதியை என்ன செய்வது?

இதில் கவனிக்க வேண்டியது தேதிகளை. தாக்குதல் நடந்தது ஏர் இந்தியாவின் கணினியில் அல்ல, பல விமான நிறுவனங்களுக்குப் பயணிகள் சேவை மென்பொருளை நடத்திவந்த சீட்டா என்ற நிறுவனத்தில். அங்கிருந்து முதல் தகவல் பிப்ரவரி 25-இல் வந்தது. மார்ச் 19-இல் இணையதளத்தில் பொதுவான ஓர் அறிவிப்பு போட்டார்கள் (டிக்கெட் எடுக்கும் நாள் தவிர வேறு எப்போது அந்தப் பக்கம் போகிறோம்?). பாதிக்கப்பட்டவர்கள் யார் யார் என்ற விவரம் மார்ச் 25, ஏப்ரல் 5 ஆகிய இரண்டு தவணைகளில் ஏர் இந்தியாவுக்குக் கிடைத்தது. பயணிக்கு மின்னஞ்சல் வந்ததோ மே மாதம். ஆக, எல்லோரும் அறிந்த பிறகு கடைசியாக அறிந்தவர் பாஸ்போர்ட்டின் சொந்தக்காரர்.

அதற்குப் பிறகு விதிகள் மாறியிருக்கின்றன. யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பொறுத்துக் கெடுவும் வேறு வேறு.

முதல் கெடு அரசுக்கானது. கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. ஊடுருவல், தகவல் கசிவு போன்றவை தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தன்னிடம் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. ஜூன் 28 முதல் அமலில் இருக்கிறது. இடையில், மே மாதம், ஸ்பைஸ்ஜெட் கணினிகள்மேல் ரான்சம்வேர் (கணினியை முடக்கிப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்குதல் முயற்சி நடந்து காலை விமானங்கள் தாமதமாயின. ஆகஸ்டில், பறக்கத் தொடங்கிய அதே மாதத்தில், ஆகாசா ஏரில் 34,533 பேரின் பெயர், பாலினம், மின்னஞ்சல், போன் நம்பர் வெளியே தெரிந்தன. ஆகாசா தானே செர்ட்-இன்னிடம் போய்ச் சொன்னது, சில நாட்களில் பயணிகளுக்கும் தெரிவித்தது. ஏர் இந்தியா விவகாரத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ பரவாயில்லை.

இரண்டாவது கெடுதான் நமக்கானது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன. ஆனால் நிறுவனங்கள்மீதான முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம்தான் அமலாகும். அப்போது முதல், தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரிடமும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தின்கீழ் அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு உடனே தகவல் போக வேண்டும், 72 மணி நேரத்துக்குள் விரிவான அறிக்கையும் போக வேண்டும். "சில தகவல்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம்" என்று பூசி மெழுகிய கடிதம் அதன் பிறகு செல்லாது. என்ன கசிந்தது, எப்போது, அதனால் உங்களுக்கு என்ன வரலாம், நிறுவனம் என்ன செய்கிறது, நீங்கள் என்ன செய்து கொள்ளலாம், கேள்வி கேட்க யாரைத் தொடர்புகொள்வது என்று எல்லாவற்றையும் எளிய மொழியில் எழுதியாக வேண்டும்.

சீட்டா விவகாரத்தில் எழுந்த கேள்விக்கும் இந்தச் சட்டத்தில் விடை உண்டு. வேலையை வெளியாளிடம் கொடுத்திருந்தாலும் பொறுப்பு விமான நிறுவனத்தினுடையதே. அப்புறம், உங்கள் தகவலை எதற்காக வாங்குகிறோம் என்று சம்மதம் கேட்கும்போது காட்டும் அறிவிப்பை, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் எதிலும் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று. புகார் கொடுத்தால் அதிகபட்சம் 90 நாளுக்குள் தீர்க்க வேண்டும். அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் வாரியத்துக்குப் போகலாம்.

அபராதத் தொகை பெரிதாகத்தான் தெரியும். பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை, கசிவைச் சொல்லாமல் விட்டால் 200 கோடி வரை. ஆனால் அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகும். பாஸ்போர்ட் எண்ணைப் பறிகொடுத்தவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீடு கேட்க வழி செய்த 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்கிவிடுகிறது. என்னைக் கேட்டால், இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

மூன்றாவதாக, பங்குதாரர்கள். சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் இருக்கும் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு இடர் மேலாண்மைக் குழு கட்டாயம். அதன் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் இயக்குநர்களாக இருக்க வேண்டும், சைபர் ஆபத்தும் அந்தக் குழுவின் பொறுப்பு என்கிறது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி. 'கணினி ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று இயக்குநர்கள் ஒதுங்க முடியாது. இதே ஆயிரம் நிறுவனங்கள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற அறிக்கையையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நிறுவனத்தின் பொறுப்புகளை ஒன்பது கோட்பாடுகளாகப் பிரித்துக் கேள்வி கேட்கும் படிவம் இது.

இண்டிகோவை நடத்தும் இன்டர்குளோப் ஏவியேஷன் பட்டியலிட்ட நிறுவனம். அதன் ஆண்டறிக்கை பிடிஎஃப்பைத் திறந்து, இந்தப் படிவத்தின் ஒன்பதாம் கோட்பாட்டுக்குப் போங்கள். வாடிக்கையாளர் புகார் அட்டவணையில் தனியுரிமைக்கு ஒரு வரி, சைபர் பாதுகாப்புக்கு ஒரு வரி இருக்கும்: எத்தனை புகார் வந்தது, ஆண்டு முடிவில் எத்தனை நிலுவை என்று. சற்றுக் கீழே, தகவல் கசிவு எத்தனை முறை நடந்தது, அவற்றில் எத்தனை சதவீதத்தில் வாடிக்கையாளரை அடையாளம் காட்டும் தகவல் கசிந்தது என்ற கேள்வி. ஓர் ஆண்டின் பதில் மட்டும் அதிகம் சொல்லாது. இரண்டு மூன்று ஆண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏர் இந்தியா இப்போது டாடா குழுமத்திடம் இருக்கிறது, சந்தையில் பட்டியலிடப்படவில்லை. அதனால் 45 லட்சம் பேரின் தகவலைப் பறிகொடுத்த நிறுவனத்துக்கு இந்தப் படிவம் கட்டாயமில்லை. ஆகாசாவுக்கும் அப்படியே.

அதே படிவத்தின் ஏழாம் கோட்பாடு அரசின் கொள்கைமீது நிறுவனம் செலுத்தும் செல்வாக்கைப் பற்றியது. இங்கே கெடுபிடி சட்டென்று தளர்ந்துவிடும். எந்தெந்தத் தொழில்துறைக் கூட்டமைப்புகளில் உறுப்பினர் என்ற பட்டியலைக் கட்டாயம் தர வேண்டும். எந்தக் கொள்கைக்காகப் பேசினோம், எந்த வழியில் பேசினோம் என்பதற்கும் ஓர் அட்டவணை உண்டு, ஆனால் அது விருப்பம் இருந்தால் நிரப்பும் பகுதி.

விமானத் துறையில் இது சின்ன விஷயம் இல்லை. வெளிநாட்டுக்குப் பறக்க 5 ஆண்டு உள்நாட்டு அனுபவமும் 20 விமானமும் வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. பழைய நிறுவனங்கள் தங்கள் கூட்டமைப்பு வழியாக அதை வைத்திருக்கச் சொல்லி வாதாடின. புதிதாக வந்த விஸ்தாராவும் ஏர்ஏசியா இந்தியாவும் எடுக்கச் சொல்லின. 2016 ஜூனில் வந்த விமானப் போக்குவரத்துக் கொள்கை 5 ஆண்டு நிபந்தனையைக் கைவிட்டது, 20 விமானம் என்பதை வைத்துக்கொண்டது. அந்தச் சண்டை பத்திரிகைகளில் பகிரங்கமாக நடந்ததால் நமக்குத் தெரியும். யார் எந்த அமைச்சரைச் சந்தித்து என்ன கேட்டார் என்று பதிவு செய்யச் சொல்லும் லாபி சட்டம் நம் நாட்டில் இல்லை.

கட்சிக்குக் கொடுக்கும் பணத்துக்கு மட்டும் சட்டம் உண்டு: கம்பெனிகள் சட்டத்தின் 182-ஆம் பிரிவு. மூன்று ஆண்டாவது ஆன தனியார் நிறுவனமாக இருக்க வேண்டும், இயக்குநர் குழு தீர்மானம் போட வேண்டும், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று லாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டும். 2017-இல் இந்த உச்சவரம்பையும் கட்சிப் பெயரைச் சொல்லும் கடமையையும் எடுத்துவிட்டார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்த உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தங்களையும் ரத்து செய்தது. அடுத்த மாதம் தேர்தல் ஆணையம் வெளியிட்ட, பத்திரம் வாங்கியவர்கள் பட்டியலில் இன்டர்குளோப் குழும நிறுவனங்களின் பெயரும் ஸ்பைஸ்ஜெட்டின் பெயரும் இருந்தன.

ஆக, இப்போது நன்கொடையைத் தேட வேண்டிய இடம் ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களில், கணக்குக் குறிப்புகளில், 'இதர செலவுகள்' என்ற தலைப்பின் கீழ். அங்கே கட்சிக்குப் பதில் ஏதாவது தேர்தல் அறக்கட்டளையின் (நன்கொடையைத் திரட்டிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு) பெயர் இருந்தால், அந்த அறக்கட்டளையின் ஆண்டுக் கணக்கைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். பணம் கொடுத்தவர்கள் ஒரு பட்டியலிலும் வாங்கிய கட்சிகள் இன்னொரு பட்டியலிலும் இருக்கும். யார் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்பதைப் பெரும்பாலும் அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.